தண்ணி கூடாத கலவை

ஏப்ரல் 27, 2023, வியாழன்

மிசிசிப்பி ஆறு இன்று உச்சத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் எங்கள் லாக்ராஸில் 12 அடியைத் தொட்டாலே வெள்ளம் என்று கணக்கு. இன்று ஏறக்குறைய 16 அடி. 1965 ஏப்ரலில் வந்த 17.9 அடிதான் இன்றுவரை பெரியது. வேலை முடிந்ததும் அம்மாவை ரிவர்சைடு பூங்கா பக்கம் கூட்டிப்போனேன். அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து எட்டு நாள் ஆகிறது.

"தொண்ணூத்தி ரெண்டுல நம்ம ஆறு வந்த மாதிரியே இருக்குலே. ஆனா மழையே இல்லையே, எங்கருந்து வருது?"

வடக்கே மினசோட்டாவில் குளிர்காலம் முழுக்கக் குவிந்த பனி உருகி வருகிறது என்றேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீடு திரும்பியதும் முன்வாசல் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்படியை விரல் நகத்தால் கீறினாள். சாம்பல் நிறத் துகள் சில்லுச் சில்லாக உரிந்து வந்தது, முறுக்கின் மேல்பொருக்கு மாதிரி. உள்ளே ஜல்லி பல்லைக் காட்டுகிறது.

"ஏலே, இதை யாருல பூசுனது? தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சுத் தேச்சிருக்கான்."

பாளையங்கோட்டையில் முப்பது வருடம் சித்தாளாகச் சட்டி சுமந்தவள். கை வைத்ததும் தெரிந்துவிட்டது. போன அக்டோபர் கடைசியில், சீசன் முடிகிற அவசரத்தில், ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போன படி அது. அவர் பிரஷ்ஷை வாளியில் முக்கி உதறி உதறி மேலே தெளித்ததை நானே பார்த்தேன். மேற்பரப்பு பளபளவென்று வந்ததும் நல்ல வேலை என்று நினைத்தேன். டிசம்பரில் வழுக்கக் கூடாது என்று உப்பையும் அள்ளிப் போட்டது நான்தான்.

மே 6, சனி

படியை விடப் பெரிய கவலை டிரைவ்வே, தெருவிலிருந்து கராஜுக்குக் கார் ஏறி வரும் கான்கிரீட் தளம். இன்று தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எங்கே போகிறது என்று அரைமணி நேரம் பார்த்தேன். தெருப்பக்கம் போக வேண்டியது கராஜைப் பார்த்து வருகிறது. கராஜ் வாசலில் தளம் இரண்டு அங்குலம் இறங்கிக் கிடக்கிறது. கூரையிலிருந்து இறங்கும் குழாயும் அதே மூலையில்தான் கொட்டுகிறது. யார் வைத்தார்களோ, பல வருடத் தண்ணீர் அந்த ஒரே இடத்தில் இறங்கியிருக்கிறது.

குளிர் கான்கிரீட்டைக் கெடுக்கிறது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். காய்ந்த கான்கிரீட்டைக் குளிர் ஒன்றும் செய்யாது. ஊறின கான்கிரீட்டைத்தான் உடைக்கும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் நிறைய ஊறியிருந்தால் அந்தப் பெருக்கத்துக்கு இடமே இல்லை. இரவில் உறைந்து பகலில் உருகி, மறுபடி உறைந்து, அப்படி ஒரு குளிர்காலத்தில் எத்தனையோ முறை நடக்கிறது. தளத்துக்கு அடியிலும் இதே கதைதான். வண்டல் மண் ஈரத்தைக் கீழேயிருந்து உறிஞ்சி ஏற்றும். அது உறையும் இடத்தில் பனி அடுக்கடுக்காகப் படிந்து தளத்தையே தூக்கும். வசந்தத்தில் உருகியதும் மண் சேறாகித் தளம் இறங்கிவிடும்.

அடியில் துளை போட்டு நுரையையோ சிமெண்டுக் குழம்பையோ ஏற்றித் தளத்தைத் தூக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தளம் முழுசாக இருந்தால் அது நல்ல வழி, செலவும் குறைவு. எங்களுடையது ஏழு துண்டாக வெடித்திருக்கிறது. உடைத்துப் போடுவதுதான் சரி.

மே 20, சனி

மூன்று பேர் வந்து விலை சொன்னார்கள். முதல் இருவரிடமும், "கலவையில் காற்று எத்தனை சதவீதம்?" என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் "அதெல்லாம் கம்பெனிக்காரங்க பார்த்துப்பாங்க" என்றார். மூன்றாவது ஆள் உடனே சொன்னார்: "ஆறு சதவீதம். பலம் 4,500 பிஎஸ்ஐ. தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகாது." அப்புறம் அவரே குனிந்து கூரைக் குழாயைப் பார்த்து, "முதலில் இதைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் என் வேலையும் இறங்கும்" என்றார். சதுர அடிக்கு ஒரு டாலர் அதிகம். அவருக்கே கொடுத்தேன்.

காற்று விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கலவையில் ஒரு ரசாயனம் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குமிழ்கள் உள்ளே தங்கிவிடும். தண்ணீர் உறைந்து பெருக்கும்போது ஒதுங்க அவைதான் இடம். 1930-களில் நியூயார்க் மாநிலச் சாலைகளில் தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. சில சாலைகள் மட்டும் குளிர்காலத்தைத் தாங்கி நின்றன. ஏன் என்று தேடிப் பார்த்தால், அந்தச் சிமெண்டை அரைக்கும்போது மாட்டுக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கொழுப்புதான் குமிழ் கட்டியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "முந்தி சுண்ணாம்புல கடுக்காயும் கருப்பட்டியும் போடுவாவ. அது மாதிரிதான்" என்றாள்.

ஜூன் 12, திங்கள்

தோண்டும் முன் கூப்பிட வேண்டிய எண் 811. போன வாரம் அதற்குச் சொல்லி வைத்தோம். வந்து, அடியில் புதைந்திருப்பவை தெரியப் புல்லில் கொடி நட்டுவிட்டுப் போனார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம். இன்று உடைப்பு. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

கராஜ் ஓரத்துத் துண்டைத் தூக்கியதும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். கீழே மண்ணே இல்லை. கை முழங்கை வரை போகிற வெற்றிடம். தளம் அந்தரத்தில் நின்றிருக்கிறது, அதன் மேல்தான் தினமும் காரை ஏற்றியிருக்கிறேன். ஜல்லிப் படுகையும் கிடையாது. யாரோ கொட்டிய கறுப்பு வண்டல் மீதே நேராக ஊற்றியிருக்கிறார்கள்.

வண்டலை வெட்டி எடுத்துவிட்டு உடைத்த சுண்ணாம்புக்கல் ஜல்லி ஆறு அங்குலம் போட்டு, இரண்டு அடுக்காக இறுக்கினார்கள். அம்மா காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "ம், கெட்டியா இருக்கு" என்றாள்.

ஜூன் 14, புதன்

பலகை அடித்தாயிற்று. அடிக்குக் கால் அங்குலம் சரிவு, முப்பது அடிக்கு ஏழரை அங்குலம் தெருப்பக்கமாக. கம்பியைப் பிளாஸ்டிக் முக்காலிகள் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தரையில் கிடக்கும் கம்பியால் பயன் இல்லை. கராஜ் சுவரோடு தளம் ஒட்டாமலிருக்க அரை அங்குல நார்ப்பட்டை. கராஜுக்கு இங்கே நான்கு அடி ஆழத்தில் அஸ்திவாரம், அது நகராது. டிரைவ்வே குளிரில் கொஞ்சம் ஏறி இறங்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று உடையும்.

ஜூன் 15, வியாழன்

காலை ஏழு மணிக்கு ரெடிமிக்ஸ் லாரி வந்தது. 16 அடிக்கு 30 அடி, ஐந்து அங்குல கனம்: ஏழரை கன கஜத்துக்கு ஒரு துளி குறைவு. எட்டு சொல்லியிருந்தார்கள்.

"எத்தனை மூட்டைலே?" அம்மாவின் முதல் கேள்வி. கஜத்துக்கு ஆறு மூட்டை, இந்த ஊர் மூட்டை 94 பவுண்டு. கணக்குப் போட்டேன். நம்மூர் ஐம்பது கிலோ மூட்டையில் நாற்பத்தொன்று. மொத்தக் கலவை பதினாலரை டன்.

"இத்தனையும் நாங்க சட்டியில எடுத்துருப்போம், ரெண்டு நாளைக்கு" என்றாள். சேலைக்கு மேல் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

லாரிக்காரர் சீட்டைக் கொடுத்தார். காற்று ஆறு சதவீதம் என்று அதில் இருந்தது. சரிவுத்தொட்டியில் கலவை மெதுவாக, கெட்டியாக இறங்கியது. மட்டக்கோலை இழுத்துக்கொண்டிருந்த பையனுக்குக் கை வலித்திருக்கும், "கொஞ்சம் தண்ணீர் விடலாமா?" என்று கேட்டான். லாரிக்காரரும் குழாயில் கை வைத்துவிட்டார். மேஸ்திரி தலையை மட்டும் ஆட்டினார். ஒரு கஜத்துக்கு ஒரு காலன் தண்ணீர் கூட விட்டால் கலவை ஓர் அங்குலம் இளகும், வேலை சுலபமாகும். பலம் 200 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். குறைந்த பலத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. மூன்று குளிர்காலம் கழித்து வீட்டுக்காரன் பார்ப்பான்.

மேஸ்திரி பேசியது ஒரு வார்த்தை அம்மாவுக்குப் புரியாது. ஆனால் அந்தத் தலையாட்டலுக்கு, "அதான் மேஸ்திரி" என்றாள்.

மட்டமடித்து, நீளக் கைப்பிடிப் பலகையை ஒரு முறை ஓட்டியதும் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மேலே மெல்லிசாகத் தண்ணீர் கசிந்து வந்து நின்றது, வியர்வை மாதிரி. இதுதான் நான் பார்க்கக் காத்திருந்த கட்டம். இந்த நீர் நிற்கும்போது கரணை போட்டுத் தேய்த்தால் அது மேல்தோலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தோல் வேறு உடல் வேறு ஆகிவிடும். எங்கள் படிக்கு நடந்தது அதுதான். மேஸ்திரி ஒரு பலகையில் உட்கார்ந்து காபி குடித்தார். நாற்பது நிமிடம். பளபளப்பு போய்ப் பரப்பு மங்கியது. ஓரமாக ஒரு காலை வைத்துப் பார்த்தார், தடம் கால் அங்குலம்தான் பதிந்தது. அப்புறம்தான் எழுந்தார்கள். இரும்புக் கரணையால் மெருகேற்றவே இல்லை. மேலேயிருக்கும் காற்றுக்குமிழ்களை அது நசுக்கிவிடுமாம். துடைப்பத்தை ஒரே இழுவையில் குறுக்கே இழுத்து வரி வரியாக விட்டார்கள்.

முடிந்ததும் மேலே அடிக்கும் வெள்ளை மருந்தை எடுத்தார். ஈரம் போகாமல் மூடுகிற மருந்து, அதுவும் சரியான முறைதான். அம்மா நாற்காலியிலிருந்தே, "தண்ணி விட மாட்டாவளா?" என்றாள். கேட்டுச் சொன்னேன். "அம்மா பார்த்துக்கொள்வதாக இருந்தால் சாக்கும் தண்ணீரும் இதைவிட நல்லது. ஏழு நாள். விடாமல் செய்வார்களா?" என்று கேட்டார்.

அம்மாவைப் பார்த்தேன். "எங்கிட்டயாக் கேக்காரு?" என்றாள்.

ஜூன் 16, வெள்ளி

அதிகாலையில் வந்து ரம்பத்தால் கோடு வெட்டினார்கள். ஒன்றேகால் அங்குல ஆழம், எட்டுக்குப் பத்து அடிக் கட்டங்கள். கான்கிரீட் சுருங்கி எப்படியும் வெடிக்கும், நாம் சொல்கிற இடத்தில் வெடிக்கட்டும் என்பதற்கு. பிறகு ஈரச் சாக்கு, அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு.

ஜூன் 25, ஞாயிறு

ஏழு நாள், காலையும் மாலையும் அம்மாதான். மழை சுத்தமாக இல்லாத ஜூன் இது, புல்லெல்லாம் பழுத்துவிட்டது. குழாயைப் பிடித்துச் சாக்கின் ஓரங்களை முதலில் நனைப்பாள், நடுவை அப்புறம். ஓரந்தான் முதலில் காயும் என்றாள். நாய் கூட்டிப்போகிறவர்கள் நின்று கையசைத்தார்கள், அவளும் அசைத்தாள். வெள்ளிக்கிழமை சாக்கை எடுத்தோம். இன்று காரை ஏற்றினேன்.

தெரு ஓரத்தில், பலகை இருந்த மூலையில், தளத்தில் ஒரு சின்ன வளைவுக் கோடு தெரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் பெருவிரல் தடம். சாக்கு விரிக்கும் முன் அம்மா பதம் பார்த்திருக்கிறாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

அடுத்த வாரம் அம்மா கிளம்புகிறாள். நன்றாகக் காய்ந்த தளத்தில் சிலேன் மருந்து அடித்து முடித்தேன். மேலே படலம் கட்டாமல் உள்ளே இறங்கித் தண்ணீரைத் தள்ளும் வகை. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினோம், தாமரை இலையில் போல உருண்டு ஓடியது. கூரைக் குழாயைப் பத்தடி தள்ளித் தோட்டத்துக்குத் திருப்பியாயிற்று.

ஜனவரி 14, 2024, ஞாயிறு

பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே. முதல் குளிர்காலம் என்பதால் உப்பே போடவில்லை, மணல் மட்டும். அம்மோனியம் சல்ஃபேட், அம்மோனியம் நைட்ரேட் உரங்களைச் சிலர் பனி உருக்கத் தூவுகிறார்கள். அவை கான்கிரீட்டையே தின்னும். காரின் அடியில் தொங்கும் உப்புக்கட்டி கராஜ் வாசலில் விழுகிறது, அதைத் தினமும் சுரண்டி எடுக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

பனி போய்விட்டது. முழங்காலிட்டு, போன ஏப்ரலில் அம்மா செய்தது போல நகத்தால் கீறிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக, பன்னிரண்டு இடத்தில். ஒன்றும் உரியவில்லை. துடைப்ப வரிகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு இடத்தில் மட்டும் காசு அளவுக்குச் சின்னக் குழி. ஜல்லியோடு வந்த நீர் உறிஞ்சும் கல் உறைந்து மேலே தெறித்திருக்கிறது. இந்தப் பக்கத்து ஆற்று ஜல்லியில் அது சகஜம், தளத்துக்குக் கேடில்லை. வெடிப்புகள் எல்லாம் வெட்டிய கோட்டுக்குள்ளேயே.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், பெருவிரல் தடத்தையும் சேர்த்து. பத்து நிமிடத்தில் குரல் வந்தது.

"தளம் நல்லாருக்குலே. அந்தப் படியை என்னைக்கி உடைக்கப் போற? நான் வந்த பொறவு வையி."

மே மாதத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.