ஆறரை மதிப்பெண்

பத்துக்கு ஒன்பது போடுவது எளிது. மூன்று போடுவது அதைவிட எளிது. ஆறரைதான் உயிரை எடுக்கும்.

சென்னையில் ஒரு இணைய இதழில் வாராவாரம் புதிதாக வரும் பாட்டுகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதி, பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று எண் போடுகிற வேலையைச் சில வருஷங்களாகச் செய்துவருகிறேன். வாரத்துக்கு ஏழெட்டுப் பாட்டு இருக்கும். இரண்டு மூன்று பெரிய படங்களின் சிங்கிள், ஓரிரு சின்னப் படங்கள், மிச்சம் படத்தோடு சம்பந்தமில்லாத தனிப்பாடல்கள். பழைய பத்திகளைப் புரட்டினால் பெரும்பாலானவை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன. அவற்றில் குறை என்று சொல்ல எதுவும் இருக்காது. சுருதி சேர்ந்திருக்கும், தாளம் சரியாக விழும், மிக்ஸிங் சுத்தமாக இருக்கும், பாடியவரும் நன்றாகவே பாடியிருப்பார். பந்தியில் பரிமாறியதெல்லாம் சரியாக இருந்தும், வீடு வந்து சேர்வதற்குள் என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்துபோகிற கல்யாணச் சாப்பாடு மாதிரி. இதை ஒரு பத்தியாக எப்படி எழுதுவது? அதுவும் ஒரே வாரத்தில் நாலைந்து பாட்டுக்கு, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல்?

சேர்ந்த புதிதில் எடிட்டர் ஒரு பட்டியல் கொடுத்தார். எழுதக் கூடாத சொற்கள். மயிலிறகால் வருடும் மெலடி, தாளம் போட வைக்கும், ரிப்பீட் மோடில் கேட்கலாம், கிறங்கடிக்கும் குரல், துள்ளல் இசை, செம வைப். "இதையெல்லாம் எடுத்துட்டு எழுதிப் பாருங்க. பாட்டைக் கேட்டீங்களா இல்லையான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்" என்றார். மயிலிறகு கைவிட்டுப் போனதும் எனக்குப் பாதிப் பத்தி காலி. பிறகுதான் பல்லவியின் இரண்டாவது வரி எங்கே ஏறுகிறது, புல்லாங்குழல் இடையிசையோடு நின்றுவிடுகிறதா, சரணத்துக்குள்ளும் வந்து பாடகரோடு பேசுகிறதா என்றெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன்.

அப்படிக் கேட்கக் கேட்க எனக்கென்று ஓர் அளவுகோல் உருவானது. பாட்டில் ஒரு இடத்திலாவது யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறாரா என்று பார்ப்பேன். எங்குமே இல்லையென்றால் ஐந்து. ஒரு முடிவு எடுத்து, பயந்து பாதியில் விட்டிருந்தால் ஆறு, ஆறரை. எடுத்த முடிவைக் கடைசிவரை கொண்டு போயிருந்தால் ஏழுக்கு மேல், அது எனக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும். இது விஞ்ஞானம் இல்லை. ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்று ராத்திரி தூங்க முடிகிறது.

மதிப்பெண் போடுவதில் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கம் அதிகம். ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்குப் போட்ட மதிப்பெண்கள் பரீட்சை முடிவு போலப் பேசப்பட்டவை. '16 வயதினிலே' வாங்கிய 62.5ஐ இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மரபில் அறுபது என்பது கொண்டாட்டம். நம் கைபேசி மரபிலோ உணவு கொண்டுவந்த தம்பிக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், நாலு போட்டால் அது புகார். இந்த இரண்டு மரபுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் ஆறரை போட்டால், வயதான வாசகர் "பரவாயில்லையே, நல்ல பாட்டு போலிருக்கு" என்கிறார். கல்லூரிப் பையன் "ஏன் அண்ணா இவ்வளவு கோபம்?" என்கிறான்.

அமெரிக்காவில் டிக் கிளார்க் நடத்திய 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நிகழ்ச்சியில் இளைஞர்களைக் கூப்பிட்டுப் புது இசைத்தட்டுக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். குறைந்தது 35, அதிகபட்சம் 98. பூஜ்யமும் கிடையாது, நூறும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த விதி. ஒரு வார வயதுகூட ஆகாத பாட்டுக்கு நூற்றுக்கு நூறு போட யாருக்கு என்ன உரிமை?

பிபிசியில் 1959 முதல் 1967 வரை 'ஜூக் பாக்ஸ் ஜூரி' என்று ஒன்று ஓடியது. நாலு பேர் உட்கார்ந்து புதுப் பாட்டைக் கேட்டு ஹிட்டா மிஸ்ஸா என்று சொல்ல வேண்டும். சில சமயம் பாடியவரையே திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். ஜூரி கிழித்துத் தொங்கவிட்ட பிறகு அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து கைகொடுப்பார். எங்கள் வேலையில் திரை இல்லை, வாட்ஸ்அப்தான் இருக்கிறது. ஒரு முறை இளம் இசையமைப்பாளர் ஒருவர் என் போன் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். சண்டைக்கு வரவில்லை. "அண்ணா, ஆறரை சரிதான். எட்டு வாங்க என்ன பண்ணிருக்கணும்?" என்று கேட்டார். இரண்டாவது சரணத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு உறுமியை மட்டும் விட்டிருந்தீர்களே, அது ஏன் உடனே முடிந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "அது முதல்ல நீளமாத்தான் இருந்துச்சு அண்ணா. பாட்டு நின்னுபோன மாதிரி இருக்குன்னு வெட்டச் சொல்லிட்டாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

வெட்டச் சொல்கிறவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 30 நொடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாக ஸ்பாட்டிஃபை எண்ணுகிறது. முதல் 30 நொடிக்குள் ஆளைப் பிடித்து வைக்க வேண்டும். அதனால் நீண்ட முன்னிசை போயிற்று. பல பாட்டுகளில் இரண்டாவது சரணமும் போயிற்று. ரீல்ஸுக்கு வெட்டி எடுக்க வசதியாகப் பல்லவியின் ஒரு வரி மட்டும் தனியாகப் பளபளக்கும். எண்பதுகளில் இளையராஜா பல பாடல்களில் இரண்டு இடையிசைக்கும் வெவ்வேறு உலகத்தைப் படைத்தவர். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது குறையாகத்தான் தெரியும். ஆனால் பாட்டு குட்டையாக இருக்கிறது என்பதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மூன்று நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி நிறுத்துவதும் ஒரு முடிவுதான். எதிர்த்திசையிலும் ஆட்கள் ஜெயிக்கிறார்கள். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் என்ஜாமி' நாலரை நிமிஷத்துக்கு மேல் ஓடும். நடுவில் ஒப்பாரியின் பக்கம் போய்த் திரும்பும். படமும் இல்லை, கதாநாயகனும் இல்லை. ஊரே கேட்டது.

உலகம் முழுக்கப் புதுப் பாட்டு வெள்ளிக்கிழமைதான் வர வேண்டும் என்பது 2015 ஜூலை 10 முதல் வந்த ஏற்பாடு. அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். நம் சினிமாப் பாட்டு இந்த ஒழுங்குக்கெல்லாம் அடங்காது. பொங்கல், தீபாவளி, நாயகனின் பிறந்தநாள் என்று வரும். விஜய் படம் என்றால் ஜூன் 22: 'லியோ' படத்தின் 'நா ரெடி' 2023இல் அன்றுதான் வந்தது, 'கோட்' படத்தின் 'சின்ன சின்ன கண்கள்' அடுத்த வருஷம் அதே தேதியில். அந்த மாதிரி நாட்களில் நான் பாட்டுக்கு மார்க் போடுகிறேனா, பிறந்தநாளுக்குப் போடுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். லிரிக் வீடியோவாக வரும்போது சினிமாப் பாட்டு பாதி பாட்டு, பாதி விளம்பரம். கதையில் எந்த இடம், யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள், எதுவும் தெரியாது. படம் வந்த பிறகு பார்த்தால் சில பாட்டுகள் பின்னணியில் நாற்பது நொடி ஒலித்துவிட்டு ஓடிவிடும், சில பாட்டுகள் அந்தக் காட்சியால் புது அர்த்தம் பெறும். அப்போது பழைய எண்ணை மாற்றலாமா என்று அலுவலகத்தில் பெரிய விவாதம் நடந்தது. மாற்றுவதில்லை என்று முடிவானது. நாங்கள் போட்டது அந்த வாரத்தின் மதிப்பெண், அவ்வளவுதான்.

பாதி விளம்பரமாக வருகிறது என்பதால் முதல் தடவை வீடியோ பார்க்காமல், போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்பேன். இரண்டாவது, ஹெட்போனில், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்றாவது, வேண்டுமென்றே போனின் சின்ன ஸ்பீக்கரில், சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவில். அதில் அடிமட்ட பேஸ் காணாமல் போய்விடும். பேஸை மட்டுமே நம்பி நின்ற பாட்டு அங்கே தொப்பென்று விழும். மெட்டு உள்ள பாட்டு குக்கரையும் தாண்டி வரும்.

வரிகளைப் பற்றி எழுதுவதுதான் அதிகத் திட்டு வாங்கித் தரும். ழகரம் வராத பாடகருக்கு மதிப்பெண் குறைக்கச் சொல்லி வாசகர்கள் எழுதுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு கோபம் இல்லை. வேற்றுமொழிக்காரர்கள் பாடித் தந்த அருமையான தமிழ்ப் பாட்டுகளை விட்டுவிட்டு நாம் எங்கே போவது? என்னை உறுத்துவது வேறு. நம் ஊரில் பெரும்பாலும் மெட்டு முதலில் வருகிறது, வரி பிறகு வந்து உட்காருகிறது. உட்காரும்போது குறில் விழ வேண்டிய இடத்தில் ராகம் நீண்டால், வரம் கேட்கிற காதலன் வாரம் கேட்பான், மலை மேலே நிற்க வேண்டியவள் மாலை மேலே நிற்பாள். பாடகர் மேல் தப்பில்லை. பதிவின்போது அறையில் இருந்த ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. இதற்கு நான் தயங்காமல் அரை மதிப்பெண் எடுத்துவிடுவேன்.

இந்த அளவுகோல் முழுசாகக் கைவிட்ட இடம் ஒன்று உண்டு. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' வந்தது. 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தியிருந்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அதே மாதம் பாடகி பவதாரிணி மறைந்தார். ஜூனில் 'சின்ன சின்ன கண்கள்' பாட்டில் அதே வழியில் அவர் குரல் ஒலித்தது. இசை, அவருடைய தம்பி யுவன். எந்த அண்ணனோ தம்பியோ செய்யக்கூடியதுதான், அதைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. ஆனால் இந்த வகைத் தொழில்நுட்பத்தில் வழக்கமாக நடப்பது, உயிரோடு இருக்கும் ஒருவர் பாடித் தர, அதன் மேல் மறைந்தவரின் குரல் நிறம் ஏற்றப்படுவது. எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லைத் தொட்டும் தொடாமலும் விடுவது என்ற முடிவெல்லாம் வேறொருவருடையது. 'பாரதி' படத்தில் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடி பவதாரிணி தேசிய விருது வாங்கினார். அந்தப் பாட்டில் நம்மைப் பிடித்து நிறுத்துவது குரலின் நிறம் மட்டும் இல்லை, எவ்வளவு குறைவாகப் பாடினால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை எப்படி எண்ணில் போடுவது? எடிட்டரும் நானும் வெகுநேரம் பேசிவிட்டு, மெட்டுக்கும் இசைக்கும் மட்டும் மதிப்பெண், பாடியதற்குக் கிடையாது என்று பத்தியிலேயே எழுதிவிட்டோம். கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு இன்றும் அதுதான் சரியாகப் படுகிறது.

ரசிகர்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. திட்டுவார்கள், அடுத்த சிங்கிள் வந்ததும் மறந்துவிடுவார்கள். படத்தின் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் பிஆர்ஓக்கள்தான் சுவாரசியமானவர்கள். "அருமையாகத் தொடங்கி, பாதியிலேயே சோர்ந்துவிடுகிறது" என்று எழுதினால், மறுநாள் போஸ்டரில் மேற்கோள் குறிக்குள் "அருமை" மட்டும் இருக்கும். எழுதும்போதே எந்தச் சொல்லைக் கத்தரிப்பார்கள் என்று ஊகித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

நடுவில் கொஞ்ச காலம் எண்ணே வேண்டாம் என்று எடிட்டர் நிறுத்திப் பார்த்தார். வாசகர்கள் எண்ணைப் பார்த்துவிட்டுப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். நிறுத்தியதும் வந்த முதல் கேள்வி, "சரி, மொத்தத்துல எவ்வளவு?" இசையமைப்பாளர்கள், "வெளிய போட வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றார்கள். நானோ பழக்கதோஷத்தில் என் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். எண் போட வேண்டியதில்லை என்றதும் என் பத்திகளும் வழுக்க ஆரம்பித்தன. ஒரு பாட்டைப் பற்றி நல்லதாக நாலு வரி, கெட்டதாக நாலு வரி எழுதி முடித்துவிட முடிந்தது. ஆறா ஆறரையா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தபோதுதான் நான் நாலாவது தடவை கேட்டிருக்கிறேன். எடிட்டரிடம் சொன்னேன். "இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்று சிரித்தார்.

எண் திரும்பி வந்தது. ஆனால் பெரிய வட்டத்துக்குள், பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் வருவதில்லை. பத்தியின் கடைசி வாக்கியத்துக்குள், எழுத்தால் எழுதியபடி வருகிறது. பிஆர்ஓ ஒருவர் கூப்பிட்டு ரொம்ப வருத்தப்பட்டார். முன்பு வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுவிடுவாராம், இப்போது முழுப் பத்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டியிருக்கிறதாம்.