விசில் வந்தால் பக்கம் திருப்பு

"இரு இரு, நான் இன்னும் பார்க்கலை!"

ராத்திரி என் மகள் அதட்டியது என்னை இல்லை. 1946இல் பதிவான ஓர் இசைத்தட்டை.

'போஸோ அட் த சர்க்கஸ்'. அமெரிக்காவின் கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டு, கூடவே படப் புத்தகம். இணையத்தில் யாரோ பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். ஒலியும் கிடைத்தது.

போஸோ என்ற கோமாளி கதை சொல்லிக்கொண்டே போவான். இடையில் விசில் ஊதுவான். உடனே குழந்தை பக்கத்தைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்!

கேப்பிடலில் வேலை பார்த்த ஆலன் லிவிங்ஸ்டனின் யோசனை அது. கோமாளிக்குக் குரல் பின்டோ கோல்விக். டிஸ்னியின் கார்ட்டூன் நாய் கூஃபிக்கும் குரல் கொடுத்தவர் இவர்தான். பலருக்குத் தெரியாத சங்கதி, மனிதர் ஒரு காலத்தில் பத்திரிகைகளில் கார்ட்டூன் போட்டவர்.

அது தெரிந்தபிறகு மறுபடி கேட்டேன். கரகரவென்று ஊசி உரசும் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் நெளிகிறது, இழுக்கிறது, சட்டென்று நிற்கிறது. கோடு போடுகிற கை குரலுக்குள் வந்துவிட்டதோ என்று தோன்றியது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

அப்போதைய தட்டின் ஒரு முகத்தில் சில நிமிடங்கள்தான் ஒலி இருக்கும். ஒரு படத்தில் குழந்தையின் கண் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

என் மகளிடம் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. விசில் ஊதியாயிற்று. அவள் விரல் யானையை விட்டு நகரவே இல்லை.

அப்புறம் என்ன, நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டேன்.