பையனுக்கு எதற்கு பீட்டா எச்.சி.ஜி.?

அக்கா மகனுக்கு 14 வயது. தலைவலி, காலையில் வாந்தி, கண்ணை மேலே தூக்கிப் பார்க்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் நடுவே பீனியல் சுரப்பி இருக்கும் இடத்தில் கட்டி, கூடவே தலைக்குள் நீர்த்தேக்கம். இதுவரை எல்லாம் மளமளவென்று நடந்தது.

நியூரோ சர்ஜன் தெளிவாகச் சொன்னார்: "இந்த வயசுல இந்த இடத்துல கட்டின்னா, கை வைக்கறதுக்கு முன்னாடி ரத்தத்துல ஏ.எஃப்.பி.யும் பீட்டா எச்.சி.ஜி.யும் பார்த்துடணும். கூடியிருந்தா பயாப்ஸியே தேவைப்படாது." ஏ.எஃப்.பி. ஒரு புரதம், பீட்டா எச்.சி.ஜி. ஒரு ஹார்மோன். ஜெர்ம் செல் கட்டிகளில் (முட்டை, விந்தாக வேண்டிய ஆதி செல்களிலிருந்து வருபவை) சில வகை இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ ரத்தத்திலும் மூளையைச் சுற்றியுள்ள நீரிலும் கலக்கவிடும்.

லேப் கவுன்டரில்தான் மாட்டினோம். சீட்டைப் பார்த்த பெண், "சார், பேஷன்ட் மாறிப்போச்சு போல. இது கர்ப்பத்துக்குப் பார்க்கிற டெஸ்ட்" என்றார். விளக்கினேன். சாஃப்ட்வேரில் ஆண் என்று போட்டால் அந்த டெஸ்டே வரவில்லையாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வேணும்னா ஃபீமேல்னு போட்டுடவா சார்?" என்று வேறு கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்படி ஒரு ரிப்போர்ட்டை எந்த ஆஸ்பத்திரியில் ஏற்றுக்கொள்வார்கள்? டாக்டரிடம் திருத்தி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு பகல் போச்சு.

கடைசியில் லேபுக்குள் இருக்கும் பயோகெமிஸ்ட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தேன். அந்த அம்மா வந்து ஒரே நிமிடத்தில் முடித்தார். ட்யூமர் மார்க்கர் (கட்டியைக் காட்டிக்கொடுக்கும் பொருள்) என்ற தலைப்பின் கீழ் ஆண்களுக்கும் அதே டெஸ்ட் இருக்கிறது. விதைப்பைக் கட்டிக்கும் இதைத்தான் பார்ப்பார்களாம். ஆகவே சீட்டிலேயே "ட்யூமர் மார்க்கர், பீனியல் கட்டி" என்று டாக்டரை எழுதச் சொல்லிவிடுங்கள். பயோட்டின் கலந்த வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதையும் சொல்லிவிடணும். சில கருவிகளில் எண் தப்பாக வரும்.

எண்டோஸ்கோப் வழியாக நீருக்கு வழிவிட்ட ஆபரேஷனில் மூளை நீரையும் எடுத்துக் கொடுத்தார்கள். "நாங்க ரத்த சீரம் மட்டும்தான் பார்ப்போம்" என்று அதே லேபிலிருந்து திரும்பி வந்தது. வேறு இடத்துக்கு அனுப்பினோம். முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

ரத்தத்தில் ஏ.எஃப்.பி. நூற்றுக்கணக்கில் இருந்தது. ஐரோப்பிய நெறிமுறைப்படி மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமைத் தாண்டினாலே பயாப்ஸி இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கலாம். கீமோ உடனே ஆரம்பமானது. 1000-ஐத் தாண்டியிருந்தால் நோய் திரும்பும் அபாயம் அதிகம் என்றார்கள். தாண்டவில்லை. அன்றுதான் அக்கா சாப்பிட்டாள்.

அப்புறம் ஒரு வீண் பீதி. இடையில் ஒரு தடவை வீட்டுப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தோம். ஏ.எஃப்.பி. பாதியாவதற்கு 5 முதல் 7 நாள் ஆகும். அந்தக் கணக்கில் நன்றாக இறங்கியிருக்க வேண்டிய எண் பெரிதாக இறங்கவே இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் கேன்சர் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் லேப் இன்டர்நேஷனல் யூனிட்டில் போடுகிறது, இது நானோகிராமில். அதே அளவே நானோகிராமில் ஏறக்குறைய 1.2 மடங்காகத் தெரியும். கருவியும் வேறு. ஒரே லேபை விட்டு நகராதீர்கள்.

விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள், "அப்போ எல்லா மூளைக் கட்டியையும் ரத்தத்துலயே கண்டுபிடிச்சுடலாமா?" என்று கேட்கிறார்கள். முடியாது. பெரியவர்களுக்கு அதிகம் வரும் க்ளையோமா என்ற மூளைக் கட்டிக்கு ஐ.டி.எச்., எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு டெஸ்ட் எல்லாம் கட்டித் துணுக்கில்தான் பார்க்கிறார்கள். ரத்த டெஸ்ட் ஆராய்ச்சியில் இருக்கிறது. அதை நம்பி பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது எண் நார்மலுக்குள் வந்துவிட்டது. அடுத்த வாரம் எம்.ஆர்.ஐ. அதில் கட்டி மிச்சம் தெரிந்தால், எண் நார்மலாக இருந்தாலும் ஆபரேஷன் செய்துவிட்டுத்தான் ரேடியேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள்.