மூட்டுவலி மாத்திரை

ஐசியுவில் சேர்ந்த புதிதில் நார்அட்ரினலின் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிரஷர் விழுந்தால் போடு, ஏறும். அட்ரினல் சுரப்பியும் நரம்பு முனைகளும் சுரக்கிற அதே சரக்குதான் அது. ரத்தக்குழாய்ச் சுவரின் ஆல்ஃபா ஏற்பிகளில் ஒட்டி அங்குள்ள தசையை இறுக்கும். குழாய் சுருங்க, பிரஷர் ஏறும். அளவு மீறினால் நோயாளியின் விரல் நுனிகள் சில்லிட்டு நீலம் பாரித்துவிடும். அதனால் சிரிஞ்ச் பம்பில் ஒரு கண், விரல்களில் ஒரு கண்.

ஒரு நைட் டியூட்டியில் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். காய்ச்சல், வாந்தி, பிரஷர் 70/40. செலைன் ஏற்றியாயிற்று, ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்று. நார்அட்ரினலினைக் கூட்டிக்கொண்டே போகிறேன், மானிட்டரில் எண் நகர்வதாயில்லை. சர்க்கரை வேறு 58-க்கு இறங்கியிருந்தது. “வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறாங்களா?” என்று டாக்டர் கேட்டதற்கு மகள் இல்லையென்று சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கதவருகே வந்தார். “சிஸ்டர், மூட்டுவலிக்கு மெடிக்கல்ல ஒரு சின்ன வெள்ளை மாத்திரை குடுப்பாங்க. நாலஞ்சு வருஷமா சாப்பிடுறாங்க. வாந்தியால நாலு நாளா அதையும் நிறுத்திட்டாங்க. அதெல்லாம் சொல்லணுமா?”

ஸ்டீராய்டு! அதை நாள்பட்டுச் சாப்பிட்டால் வரும் உருண்ட முகம், காகிதம் போன்ற தோல், முன்கையில் நீலத் திட்டுகள். கையில் லைன் போட்டவளே நான்தான். எல்லாவற்றையும் பார்த்தேன், யோசிக்கத்தான் இல்லை.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதைக் குறைத்துவிடும். அட்ரினலும் வேலை மறந்து சுருங்கிப்போகும். காய்ச்சல் நேரத்தில் உடம்பு, அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலைக் கூடுதலாகக் கேட்கும்போது கொடுக்க அதனிடம் இருக்காது. கார்ட்டிசால் போதாவிட்டால் ரத்தக்குழாய் நார்அட்ரினலினுக்கு அசைந்து கொடுக்காது. நான் பம்பைத் திருகித் திருகிக் கத்திக்கொண்டிருந்தது, கேட்காத காதில்.

கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டோம், அப்புறம் ஆறு மணிக்கொரு முறை 50. விடிவதற்குள் பம்பைக் குறைக்க ஆரம்பித்துவிட்டேன். காலையில் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தன.

“அப்ப அந்த மாத்திரை நல்லதா, கெட்டதா சிஸ்டர்?” என்று மகள் கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “டாக்டர் சொல்லாம நீங்களா நிறுத்திடாதீங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, டியூட்டி மாற்றிக்கொள்ளப் போனேன்.