லேத்தைத் திட்டியது வீண்

மூன்று வாரமாக என் லேத்தை (கடைசல் இயந்திரம்) திட்டித் தீர்த்தேன். தப்பு விட்டம் அளக்கும் மைக்ரோமீட்டரில் இருந்திருக்கிறது.

கடைந்தது 12 மி.மீ. விட்டமுள்ள எஃகுப் பின் (சிறு உருளை), டாலரன்ஸ், அதாவது அனுமதித்த விலகல், ±0.03 மி.மீ. ஐந்தைந்தாக 25 குழு, மொத்தம் 125 பின். ஒன்றுகூட டாலரன்ஸைத் தாண்டவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவின் சராசரியையும் புள்ளியாக வைக்கும் எக்ஸ்-பார் சார்ட்டில் ஐந்து புள்ளி எல்லைக்கு வெளியே. இந்த எல்லை டாலரன்ஸ் அல்ல, அளவுகளின் ஏற்ற இறக்கத்திலிருந்தே கணக்கிடுவது. குழுவின் வீச்சை (பெரிய அளவு கழித்தல் சிறிய அளவு) வைக்கும் ஆர் சார்ட்டிலும் அதே ஐந்து குழுக்கள். கிராஸ் ஸ்லைடின் கிப் ஸ்க்ரூக்களை இறுக்கினேன், டூல் உயரத்தைத் திரும்பப் பார்த்தேன், ஸ்பிண்டில் பேரிங்கையும் விடவில்லை. மறுபடி 125 பின். இந்த முறை ஏழு புள்ளி வெளியே!

அப்புறம்தான் முதல் சுற்று நோட்டை நிதானமாகப் பார்த்தேன். 20 குழுக்களில் வீச்சு பூஜ்யம், மீதி ஐந்தில் 0.01. வேறு எண்ணே கிடையாது. என் மைக்ரோமீட்டர் 0.01 வரைதான் படிக்கும். லேத்தின் ஏற்ற இறக்கமோ அதற்கும் கீழே. 12.004-ஐயும் 11.997-ஐயும் ஒன்றுபோல 12.00 என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

கணக்கு இப்படி: சராசரி வீச்சு 0.05 ÷ 25 = 0.002. அதை ஐந்தின் குழுவுக்கான அட்டவணைப் பெருக்கி 0.577-ஆல் பெருக்கினால் எக்ஸ்-பார் எல்லை ±0.0012 மட்டும். ஐந்தில் ஒரு பின் 0.01 தள்ளிப் படித்தாலே குழுச் சராசரி 0.002 நகரும், எல்லை தாண்டிவிடும். ஆர் சார்ட்டின் மேல் எல்லைக்குப் பெருக்கி 2.114: 2.114 × 0.002, அதாவது 0.0042. வீச்சு 0.01 வந்த எந்தக் குழுவும் தப்ப வழியே இல்லை. இதில் எல்லைக்கு வெளியே போன ஒவ்வொரு புள்ளிக்கும் நான் டூலை நகர்த்தும் கைப்பிடியை அரைக் கோடு திருப்பிக்கொண்டிருந்தேன். ஐந்து ஏழானது என் கைங்கரியம்தான்.

இந்த வகைச் சார்ட்டைக் கண்டுபிடித்த ஷூவார்ட் அதன் யோசனையை 1924-இல் ஒரே பக்கக் குறிப்பில் எழுதி முடித்துவிட்டார். எனக்கு மூன்று வாரம்.

சரி, மைக்ரான் (0.001 மி.மீ.) படிக்கும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வாங்கினேன். வாங்குகிறவர்கள் கவனிக்க: விற்பவர்கள் 0.001 என்று கொட்டை எழுத்தில் போடுவது திரையில் தெரியும் கடைசி இலக்கத்தை. துல்லியம் எவ்வளவு என்பது வேறு, பொடி எழுத்தில் தேட வேண்டும். வந்த அன்றே ஒரே பின்னைப் பத்து முறை அளந்தேன்: 12.001 முதல் 12.003 வரை அலைந்தது. கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் பூட்டி, ஒரே அழுத்தம் தரும் ராட்செட் திருகை எப்போதும் மூன்று சொடுக்கு என்று வைத்துக்கொண்டதும் ஒரு மைக்ரானுக்குள் அடங்கியது. கடைந்த சூட்டிலும் அளக்கக் கூடாது. 12 மி.மீ. எஃகு 10 டிகிரி கூடுதலாக இருந்தால் சுமார் 1.4 மைக்ரான் தடித்துக் காட்டும். அரை மணி நேரம் இரும்புப் பலகையில் ஆறப் போடுகிறேன்.

புதிய 25 குழு: சராசரி வீச்சு 0.006, எல்லை ±0.0035, ஒரு புள்ளிகூட வெளியே இல்லை.

அடுத்து பித்தளையில் சிறு தொகுதிகள் செய்ய ஆசை. குழுவாக்க எண்ணிக்கை போதாது என்பதால் ஒவ்வொரு துண்டையும் தனிப் புள்ளியாக வைக்கும் சார்ட்தான், அதன் எல்லைக்குப் பெருக்கி 2.66. ஆனால் எஃகுப் பின் வேலை இன்னும் முடியவில்லை. அதே எல்லைகளை வைத்துத் தொடர்ந்ததில் 31-வது குழு முதல் 38 வரை எட்டுப் புள்ளியும் நடுக்கோட்டுக்கு மேலே. எதுவும் எல்லையைத் தொடவில்லை, ஆனால் விட்டம் மெல்ல ஏறுகிறது. இன்செர்ட் (டூலில் பொருத்தும் வெட்டுத் துண்டு) முனை தேய்கிறது என்று நினைக்கிறேன். கைப்பிடியைத் தொடவில்லை. இன்செர்ட்டின் அடுத்த முனையைத் திருப்பிப் போட்டாயிற்று, 39-வது குழு பலகையில் ஆறிக்கொண்டிருக்கிறது.