குவாட்டருக்கு எத்தனை மதிப்பெண்?

ஜூன் 9, திங்கள்

காலை ஓ.பி.யில் 19 வயதுப் பையன். லேத் பட்டறையில் வேலை. ஞாயிறு இரவு பைக்கிலிருந்து விழுந்து தாடையில் கிழிசல். நான்கு தையல், டி.டி. ஊசி. "குடிப்பியா தம்பி?" என்று கேட்டேன். "சேச்சே, எம் புள்ளையா?" என்றார் அம்மா. பையன் விட்டத்தைப் பார்த்தான். அம்மா எதிரில் கேட்டது என் தப்பு.

ஜூன் 11, புதன்

டிரெஸ்ஸிங்குக்குத் தனியாக வந்தான். குடிப்பழக்கத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் ஆடிட் படிவத்தின் பத்துக் கேள்விகளில் முதல் மூன்றை மட்டும் கேட்டேன். "வாரத்துல ஒரு நாள்தான்க்கா. ஒண்ணே ஒண்ணு." மொத்தம் 2 மதிப்பெண் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரவு சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. ஒண்ணு என்றால் எது? படிவத்தின் கணக்கில் ஒன்று என்பது 10 கிராம் ஆல்கஹால். அவன் சொன்னது குவாட்டராக இருந்தால்? 180 மில்லி, 42.8 சதவீதம்; சுமார் 61 கிராம். ஆறு!

ஜூன் 14, சனி

தையல் பிரித்தேன். "அந்த ஒண்ணு, கட்டிங்கா குவாட்டரா?" கட்டிங் என்றால் குவாட்டரில் பாதி. சிரித்துவிட்டான். "குவாட்டர்தான். கட்டிங்னா பங்குக்கு ஆள் தேடணுமேக்கா."

மூன்று கேள்விக்கே இப்போது 7. மீதியையும் கேட்டதில், குடித்து அடிபட்டதற்கு 4. ஆக 11. எட்டு வந்தாலே உட்காரவைத்துப் பேச வேண்டும். 21 வயதுக்குள் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வாங்கித்தர அண்ணன்மாரும் இருக்கிறார்கள்.

அறிவுரை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, குடியில் என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று கேட்டேன். பட்டறைப் பசங்களோடு உட்காருவது பிடிக்கும். பிடிக்காததற்கு ரொம்ப யோசித்தான். திங்கட்கிழமை கை நிதானமில்லாமல் ஜாப் வீணாகிறதாம், கூலியில் பிடிக்கிறார்களாம். நான் ஈரலைப் பற்றி ஆரம்பித்திருந்தால் எழுந்து போயிருப்பான். "கட்டிங்கோட நிறுத்திக்கிறேன், அன்னிக்கு வண்டி எடுக்கல." அவனாகச் சொன்னது. சரி, அதையே எழுதிக்கொண்டேன். இன்று சம்பள நாள் வேறு.

ஜூன் 23, திங்கள்

படிவத்தின் கணக்கில் எது எத்தனை 'ஒண்ணு' என்று டிரெஸ்ஸிங் அறையில் ஒரு தாள் ஒட்டினேன்: கட்டிங் 3, குவாட்டர் 6, 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 4. "விலைப்பட்டியல் மாதிரி இருக்கே சிஸ்டர்" என்றார் டாக்டர்.

மதியம் அவன் வந்தான். காயம் ஒன்றுமில்லை. பட்டறை அண்ணன் ஒருவருக்குக் காலையில் கொஞ்சம் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்குமாம். நாளையிலிருந்து ஒரேயடியாக விடப்போகிறாராம். பதறிவிட்டேன். தினமும் குடிப்பவர் சட்டென்று விட்டால் ஓரிரு நாளில் ஃபிட்ஸ் வரலாம், அப்புறம் ஆள் தெரியாமல் பிதற்றலாம். "தானா நிறுத்த வேணாம்னு சொல்லு. நாளைக்கே இங்க கூட்டிட்டு வா."

வாசல்வரை போனவன் திரும்பினான். "நாளைக்கு எந்த டாக்டர்க்கா? திட்டாதவரா?"