மூன்றாவது தடவை வரவில்லை

இன்று காலை அரசு வானொலியில் கர்நாடகக் கச்சேரி; அதில் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதி. மிருதங்கக்காரர் அதை முடித்துவைக்கும் கோர்வைக்கு வந்துவிட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை... அவ்வளவுதான். சத்தம் தேய்ந்து விளம்பரம் வந்துவிட்டது.

கோர்வையை மூன்று முறை வாசித்துத்தான் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவருக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல்.

வானொலியில் கர்நாடக சங்கீதம் கேட்க ஆளில்லை என்கிறார்கள். இருக்கிற நேரத்தையும் குறைத்து, அதையும் இப்படி நடுவில் வெட்டினால் ஆள் எங்கிருந்து வரும்?

சினிமா பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் கேஸ்கர் அதைச் செய்துபார்த்தார். ஜனம் இலங்கை வானொலிக்குப் போய்விட்டது. 1957-இல் சினிமா பாட்டுக்கு இடம் கொடுத்து விவித் பாரதி என்ற சேவையை அரசு வானொலியே தொடங்கவேண்டி வந்தது. (சங்கீதப் பிரியர்களான எங்கள் கூட்டத்துக்கு அப்போது கொஞ்சம் திமிர்தான்.)

ஆனால் விளம்பரத்தை நம்பி நடக்கும் தனியார் எஃப்எம் அரை மணி நேர ஆலாபனை போடாது. அரசு வானொலியும் கைவிட்டால் அப்புறம் யார்?

யூடியூப் இருக்கிறதே என்பார்கள். சரி, இருக்கிறது. அங்கே எனக்குத் தெரிந்த பெயர்களைத்தான் தேடுவேன். கேள்விப்பட்டே இராத ஒரு பாடகரின் தோடி ராகத்தை, சமையலுக்கு நடுவே, தற்செயலாகக் கேட்கவைத்தது வானொலிதான்.